ஒரு பர்சென்ட் அக்கா

இடது காலில் புதுச் செருப்பு, வலது காலில் பழைய செருப்பு. இன்றோடு மூன்று நாள். லிஃப்ட்டில் கூட வருகிறவர்கள் முதலில் கீழே பார்க்கிறார்கள், பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்கிறார்கள், பாவம், காலையில் ஏதோ அவசரம் போல என்று முடிவுகட்டிக்கொண்டு அவரவர் மாடியில் இறங்கிப் போகிறார்கள். அக்காவுக்கு அவசரம் என்ற நோயே கிடையாது. புதுச் செருப்பு கடிக்குமா கடிக்காதா என்று ஒரு காலை மட்டும் முன்னே அனுப்பி வேவு பார்க்கிறாள். கடித்தால் ஒரு கால்தானே போகும். கடிக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து மற்ற காலுக்கும் யோகம் அடிக்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஊருக்குப் பழமொழி. அக்காவுக்கு அது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. மாத்திரை மருந்துகளை வீட்டுக்கே வரவழைக்கும் ஒரு செயலி, அதை நடத்துகிற கம்பெனி, அதில் பதினோரு வருடமாக அவள். எட்டு லட்சம் பேர் போனில் அந்தச் செயலி இருக்கிறது. மாதம் இரண்டு தடவை அதில் எதையாவது மாற்றுவார்கள். மாற்றி எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள், எழுதியதை வெளியே அவிழ்த்து விடுகிறவள் அக்கா. எட்டு லட்சம் பேருக்கும் ஒரே நேரத்தில் அவிழ்த்து விட்டு, உள்ளே ஒரு கோளாறும் இருந்து தொலைத்தால், எட்டு லட்சம் பேரும் ஒரே நேரத்தில் தலையில் கைவைத்து உட்காருவார்கள். அதனால் முதலில் நூற்றில் ஒருவருக்கு மட்டும்.

"ஒண்ணு பொழச்சா பத்து. பத்து பொழச்சா அம்பது. அம்பதும் பொழச்சா அப்புறம் ஆண்டவன் விட்ட வழி" என்பாள்.

செயலியின் உயிர் போனில் இல்லை, எங்கோ வாடகைக்கு எடுத்திருக்கும் கணினிகளில் இருக்கிறது. அந்த எங்கோவுக்குத்தான் கிளவுட் என்று பெயர். அங்கே பழையது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே புதியதையும் ஓடவிட்டு, நூறு பேர் வந்தால் ஒருவரை மட்டும் புதிய வாசலில் திருப்பி விடுவாள். சரிப்படவில்லையா, வாசலைச் சாத்திவிட வேண்டியது. போனவர் பழைய பக்கமே திரும்பி வந்துவிடுவார். இந்த முறைக்குக் கேனரி என்று ஒரு மஞ்சள் பறவையின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் அதைக் கூண்டோடு கொண்டுபோவார்களாம், விஷக்காற்று இருந்தால் முதலில் அது மயங்கி விழுமாம். பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது, அந்தப் பறவையிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று அக்கா எழுந்து விசாரித்திருக்கிறாள். வகுப்பெடுத்தவர் அப்போதே இடைவேளை விட்டுவிட்டார்.

வீட்டில் கேனரி அவளுடைய கொழுந்தன்தான். புது ஷாம்பு, புது பல் டாக்டர், யூடியூப் பார்த்துச் செய்த குழம்பு, எதுவானாலும் முதல் பலி அவன். முப்பது வயதாகியும் கூடவே இருக்கிறான், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறான். "அண்ணி குடுத்தா விஷமா இருந்தாலும் குடிப்பேன். எப்படியும் ஒரு பர்சென்ட்தான் குடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். கேனரி குடித்த பிறகு அக்கா சமையலறைக் கடிகாரத்தைப் பத்து நிமிடத்துக்குத் திருகி வைப்பாள். அது டிக்டிக்கென்று ஓடி மணியடித்து, அவனும் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் சாப்பிடலாம். அதே மாதிரி இன்னொரு கடிகாரம் அலுவலக மேசையிலும் இருக்கிறது.

கம்பெனியின் கேனரிகள் எட்டாயிரம் பேர். வாடிக்கையாளர் எண் இரண்டு பூச்சியத்தில் முடிந்துவிட்டால் தீர்ந்தது, காலம் முழுக்க அவர்களுக்குத்தான் முதல் பந்தி. கம்பெனி தொடங்கிய காலத்தில் யாரோ ஒரு சோம்பேறி செய்த ஏற்பாடு, இன்றுவரை யாரும் கைவைக்கவில்லை. எட்டாயிரம் பேரில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் எது வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். மீதி ஒருவர் தையல்காரம்மா.

அக்கா அவரை நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். செயலியின் அடியில் புகார் பட்டன் ஒன்று உண்டு, அழுத்திப் பேசினால் பேசியது அப்படியே அக்காவின் போனுக்கு வந்துவிடும். புதியது போய்ச் சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் தையல்காரம்மா காய்ச்சி எடுத்துவிடுவார். முதலில் தையல் மெஷின் சத்தம் கேட்கும், அது நிற்கும், பிறகு தொடங்கும். "யாரு அது, மாத்திர படத்த நகத்தளவுக்குச் சுருக்குனது? நான் என்ன எறும்பா?" பேசி முடித்ததும் மெஷின் மறுபடி ஓடும். ஒருமுறை தினம் ஒன்று என்றிருந்த மாத்திரை இரண்டு என்று மாறி வந்தபோது, எந்தக் கணினியும் கண்டுபிடிக்கும் முன்னால் அவர்தான் பிடித்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு விதி உண்டு. தையல்காரம்மா திட்டிய பிறகுதான் பத்து பர்சென்ட்.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு ரயில். அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை. மூன்று தடவை டிக்கெட் போட்டு மூன்று தடவையும் இந்தப் புதுப்பித்தல் கூத்தால் ரத்தானது. நாலாவது தடவை மகள் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கையெழுத்தே வாங்கிவிட்டாள். இதுவும் ரத்தானால், தான் இனிமேல் சித்தப்பாவின் மகள் என்று அதில் இருந்தது. சாட்சிக் கையெழுத்து சித்தப்பா.

காலை பதினொரு மணிக்கு அக்கா முதல் ஒரு பர்சென்ட்டை அவிழ்த்து விட்டு, கடிகாரத்தைத் திருகினாள். பத்து நிமிடம் ஆயிற்று. மணி அடித்தது. ஒரு திட்டும் வரவில்லை. மறுபடி திருகினாள். பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று, கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரே மௌனம். திரையில் எல்லாக் கோடும் பச்சை, ஒரு பிழைகூட இல்லை. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை, இப்படிச் சுத்தமாக ஒன்று வெளியானதே கிடையாது என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக அக்காவின் மேசைக்கு வந்து, ஏன் இன்னும் ஒன்றிலேயே நிற்கிறது என்று கேட்டார்.

"எல்லாம் பச்சையாதான் சார் இருக்கு. ஆனா அந்தம்மா இன்னும் திட்டல."

"திட்டாததெல்லாம் ஒரு குறையாம்மா?"

அக்கா போனைக் கையில் எடுத்தாள். தையல்காரம்மாவின் எண்ணுக்கு மூன்று முறை அடித்தாள், எடுக்கவில்லை. மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளிடம் கேட்டதில், கடை ரயில் நிலையத்துக்கு நாலு தெரு தள்ளி இருப்பது தெரிந்தது. ஐந்து மணிவரை நேரம் கொடுங்கள் என்று மேலாளரிடம் கெஞ்சினாள். ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் தானே நூறு பர்சென்ட்டையும் தட்டிவிடப் போவதாகச் சொல்லி அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

நாலரைக்குத் தையல்கடை வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. உள்ளே கணவர், கொழுந்தன், நாலு பை, ஒரு காற்றடைத்த நீச்சல் வளையம், நடுவே ஒப்பந்தத் தாளோடு மகள். கடல் எங்கே என்று அவள் கேட்பதற்குள் அக்கா இறங்கி ஓடிவிட்டாள்.

ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் கடை. சுவர் முழுக்கச் சாக்குக்கட்டியால் எழுதிய அளவுகள். தையல்காரம்மா தலைநிமிராமல், ஒரு வெட்டுத்துணியை ஊசிக்கடியில் கொடுத்து நாலு விரற்கடை ஓட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தையலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல துணி மடியில் காத்திருந்தது. அளவு கொடுப்பதென்றால் நாளைக்கு வரச் சொன்னார். மருந்துச் செயலிக் கம்பெனி என்று அக்கா வாயைத் திறந்ததும் மெஷின் நின்றது. அந்த நிற்கிற சத்தம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கக் காத்திருந்தவளை உலகம் கண்டிருக்காது.

காலை பதினொன்றிலிருந்து சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் வந்தது. கடைசியில் தையல்காரம்மா கீறல் விழுந்த போனை எடுத்து நீட்டினார். "திட்டுற பட்டனையே எடுத்துட்டீங்க. நான் எங்க போய்த் திட்டுறது?"

அக்கா பார்த்தாள். ஒரு பார்வை போதுமாயிருந்தது. கண் மங்கியவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளும் வசதியைத் தையல்காரம்மா வைத்திருக்கிறார். எழுத்து பெரிதானதும் புதிய பக்கம் நீண்டு, வாங்கும் பட்டனும் புகார் பட்டனும் திரைக்குக் கீழே எங்கோ போய்விட்டன. மேலே தள்ளினாலும் பக்கம் நகரவில்லை. பட்டனை அழுத்த முடியாதவர் பிழையும் செய்ய முடியாது, புகாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட அத்தனை பேரையும் திருப்தியாக இருப்பவர்கள் என்று எண்ணித்தான் திரை பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மணி நாலு ஐம்பத்தாறு. அக்கா அழைத்ததும் மேலாளர் போனை எடுத்து முழுதும் கேட்டார். பெரிய எழுத்து வைத்திருப்பது நூற்றில் ஆறு பேர்தான், மற்றவர்களுக்கு விட்டுவிடலாம், அந்த ஆறைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"சார், மாத்திர சாப்பிடுறதே அந்த ஆறு பேர்தான்" என்றாள் அக்கா.

 மேலாளர் வாசலைச் சாத்தச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஒரு நிமிடத்தில் தையல்காரம்மாவின் போனில் பழைய பக்கம் வந்துவிட்டது. அவர் நம்பாமல் முதல் வேலையாகப் புகார் பட்டனை அழுத்தி, இந்தக் கம்பெனிக்காரங்களுக்குக் கண் எங்கே இருக்கிறதென்று கேட்டார். எதிரே நின்ற அக்காவின் பையில் போன் சிணுங்கியது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் தையல்காரம்மா மெதுவாக ஒன்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே, எதுவென்றாலும் தனக்கு மட்டும் ஏன் முதலில் வருகிறது? அக்கா மழுப்பியிருக்கலாம், வாசலில் டாக்ஸி வேறு ஹாரன் அடித்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டாள். இரண்டு பூச்சியத்தையும், எட்டாயிரம் பேரையும், ஒன்று பிழைத்தால் பத்து என்பதையும் சொன்னாள்.

தையல்காரம்மா கையிலிருந்த வெட்டுத்துணியைத் தூக்கிக் காட்டினார். "அப்ப நான் இதுவா?"

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பதினோரு வருடத்தில் முதல் முறையாகத் தன் வேலையை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆமாம்மா என்றாள். வேண்டுமானால் உங்கள் எண்ணை மாற்றிவிடுகிறேன், இனி எல்லாம் சரியான பிறகு கடைசியாக வந்தால் போதும் என்றாள்.

தையல்காரம்மா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன சொல்லுதோ அத நான் கேப்பேன். இது சரின்னு சொன்னாதான் நல்ல துணியில கைவைப்பேன். நீ கேப்பியா?"

"கேக்கத்தான்மா வந்திருக்கேன்."

"அப்ப எண்ணு அப்படியே இருக்கட்டும். உன் போன் நம்பரச் சொல்லு."

சுவரில் யாருடைய இடுப்பளவுக்கும் யாருடைய கையளவுக்கும் நடுவே அக்காவின் போன் எண் சாக்குக்கட்டியில் ஏறியது. பிறகு அவர் அக்காவின் கால்களைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் நாலு தெருவைக் கடக்கவே அரைமணி ஆயிற்று. ரயில் நிலையத்துக்குள் அவர்கள் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, பைகளோடு ஒரு குடும்பம் உருண்டு போயிற்று. நடைமேடைப் படியில் அக்காவின் பழைய செருப்பு வார் அறுந்து எங்கோ பறந்தது. திரும்பி எடுக்கப் போனவளை மகள் ரயிலுக்குள் இழுத்துப் போட்டாள். சோதனை இன்னும் முடியவில்லை என்பதால் புதுச் செருப்பின் ஜோடி வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. கொழுந்தன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். முன்பின் போட்டுப் பார்க்காத செருப்பு வேண்டாம் என்று அக்கா மறுத்துவிட்டாள்.

மறுநாள் காலை, இறங்கியதும் அறைக்குக்கூடப் போகாமல் கடலுக்குத்தான் போனார்கள். வீட்டுக் கேனரியை முதலில் உள்ளே அனுப்பினாள் அக்கா. அவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று, உயிரோடுதான் இருப்பதாக இரண்டு கையையும் ஆட்டினான். மகள் முட்டியளவில் குதித்துக்கொண்டிருந்தாள், கணவர் நீச்சல் வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா கரையில் இடது காலைப் புதுச் செருப்போடு மணலில் ஊன்றி, வெறும் வலது காலை மட்டும் அலைக்குள் அனுப்பிவிட்டு நின்றாள். சமையலறைக் கடிகாரத்தையும் பையில் எடுத்து வந்திருந்தாள், அது பத்து நிமிடத்துக்குத் திருகப்பட்டு மகளின் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. பட்டனைச் சரிசெய்து ஒரு பர்சென்ட் விட்டாயிற்று, திரையெல்லாம் பச்சை. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி, அந்தம்மா திட்டினார்களா?

அக்கா பதில் எழுதுவதற்குள் போன் அடித்தது. எடுத்ததும் மெஷின் சத்தம் கேட்டது, நின்றது.

"பட்டன் தெரியுது. பக்கமும் நகருது. திட்டிப் பாத்தேன், ஒழுங்காப் போகுது. அந்த மஞ்சக் கலரு மட்டும் கண்ணக் குத்துது, அத அடுத்த தடவ மாத்திரு." துணி சரசரக்கும் சத்தம் கேட்டது. எதையோ திருப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. "சரி. எல்லாருக்கும் விடு."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அக்கா மேலாளருக்கு இரண்டு சொல் தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். மகள் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, இன்னும் நாலு நிமிடம் இருப்பதாகக் கத்தினாள். அக்கா குனிந்து புதுச் செருப்பைக் கழற்றி மணலில் வைத்தாள். பிறகு அந்தக் காலையும் தண்ணீருக்குள் வைத்தாள்.