பாறை மேட்டுக்குப் போன காற்றாடி

சீனச் சண்டை நடந்த வருஷம் மன்னவனூருக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் ரேடியோ. பழைய லாரி டைனமோவில் இரண்டு மர இறக்கைகளைப் பூட்டி, பின்னால் தகர வால் வைத்து, காற்றைக் கொண்டே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார் பெரியப்பா. அவர் மகன், எங்கள் அண்ணன், பட்டாளத்தில் எல்லையில் இருந்தான். கடிதம் வருவது நின்றுபோயிருந்தது. பெரியம்மா இறந்தபின் அவனை வளர்த்தவள் என் அம்மா.

பெருங்காற்றுக்குப் பயந்து, பெரியப்பா கம்பத்தைக் கொல்லையில் தைல மரங்களின் மறைவில் நட்டிருந்தார். அங்கே காற்று மரங்களில் மோதிச் சுழன்று, நிமிஷத்துக்கொரு திசையில் வரும். வால் திரும்பும்போதெல்லாம் இறக்கை வெடவெடக்கும். அந்த ஐப்பசியில் இரண்டு ஜோடி ஒடிந்தன. மூன்றாவதைத் தடியாகச் செதுக்கினார். அது லேசான காற்றுக்கு அசையவே இல்லை, வேகமான காற்றில் அடியோடு பிளந்தது. ரேடியோ ஊமையாகிவிட்டது. மழையில் ரோடு சரிந்து, பேட்டரியைக் கொடைக்கானலுக்கு அனுப்பவும் வழியில்லை. இறக்கை செய்ய ஒரே ஒரு பலகைதான் மிச்சம்.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். கணவனின் அண்ணன் என்பதால் அப்படி ஒரு மரியாதை, அவரும் அப்படித்தான். இருவருக்கும் நடுவே எட்டு வயதுத் தபால்காரி நான்.

"கொல்லைக் கொடியில சேல முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. பாறை மேட்டுல போட்டா ஒரே பக்கமா நீட்டமாப் பறக்குது. கம்பத்த அங்க நடச் சொல்லு. அம்மா சொன்னாங்கன்னு வெரசாப் போய்ச் சொல்லு" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன். 'அம்மா சொன்னாங்க' என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். கெட்டிக்காரி என்று பெயர் வாங்க வேறு வாய்ப்பு எனக்கு எப்போது கிடைக்கும்?

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாளே கம்பம் மேட்டுக்குப் போனது. கடைசிப் பலகையில் மெல்லிசாகச் செதுக்கிய இறக்கை, ஒரே சீரான அந்தக் காற்றில் முனகாமல் சுற்றியது. சண்டை நின்ற செய்தியை எங்கள் ரேடியோவில்தான் தெருவே கேட்டது. பொங்கலுக்கு முன் அண்ணனின் கடிதமும் வந்தது.

செய்தி நேரத்தில் பெரியப்பா பக்கத்தில் எனக்கு இடம். அடுப்படியில் பாத்திரச் சத்தம் அப்போது நின்றிருக்கும்.

"இந்த வீட்ல ஒருத்தருக்காவது மூளை இருக்கே, நல்லா இருக்கணும்" என்பார், தேவைக்கு மேல் சத்தமாக, அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். எட்டு வயதில் சேலை காயப்போடக் கொல்லைக் கொடி என் கைக்கு எட்டாது என்பது அவருக்குத் தெரியாதா என்று யோசிக்க எனக்கு இன்னும் பல வருஷம் ஆனது.