ரஷீத் பாயின் மூன்று கப்பல்கள்

ஓடுகிற வீடியோவைக் கட்டை விரலால் நிறுத்தி, இரண்டு விரல்களால் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறார் அப்துல் ரஷீத். கைபேசித் திரையில் ஒரு சொகுசுக் கப்பலின் கூடம். கண்ணாடிப் படிக்கட்டு, சரம் சரமாய் விளக்கு, கையாட்டிச் சிரிக்கும் ஒரு குடும்பம். அவர் அது எதையும் பார்க்கவில்லை. மூலையில் கிடக்கும் சோபாவின் தையலைப் பார்க்கிறார்.

"ரெக்ஸின்தான் தர்மா. தோலுன்னு ஏமாத்தறான். ஓரத்துல பைப்பிங் வெச்சிக் கூடத் தைக்கல. ரெண்டு வருசத்துல வெடிச்சிக்கும்."

தையல் மிஷினில் குனிந்திருக்கும் தர்மன் நிமிர்வதில்லை. நான்கு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பழகிவிட்டது. ரஷீத் கப்பல் பார்ப்பதும் உட்கார்ந்து அல்ல. கடையின் வாசலிலிருந்து பின்சுவர் வரை போவார், திரும்புவார், மறுபடி போவார். அந்த நடையில் இரண்டு கப்பல் பார்த்து முடித்துவிடுவார்.

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டில் அவருடைய சீட் கவர் கடை. லாரி, பள்ளி வேன், டாக்ஸி, ஷேர் ஆட்டோ என்று உட்கார இடமுள்ள எல்லா வண்டியும் அங்கே வந்து நிற்கும். ஐம்பத்தாறு வயது. ஒல்லி. கழுத்தில் அளவு நாடா, காதில் செருகிய நீலச் சாக்கட்டி. ஊருக்கே இருக்கை தைத்துக் கொடுக்கிற அந்த மனிதர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. டீயை நின்றுகொண்டு குடிப்பார். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குச் சீக்கிரமே போனாலும் கடைசி வரிசையில், வாசலோரம்தான் இடம் பிடிப்பார். பேருந்தில் ஏறினால் சேலம் போவதற்குள் மூன்று இருக்கை மாறுவார். கேட்டால், "இந்த சீட்டுல ஸ்பாஞ்சி செத்துப்போச்சிங்க" என்பார்.

இப்படிப்பட்டவர் நான்கு நாள் நடுக்கடலில் இருக்க ஆசைப்பட்டதற்குக் காரணம் அவருடைய மகள் ஹுமேரா. நர்சிங் முடித்து, பெங்களூரில் தங்கி ஜெர்மன் மொழி படித்துத் தேறி, ஜூன் மாதம் வேலைக்கு ஜெர்மனி கிளம்புகிறாள். போவதற்கு முன் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "சித்தப்பா வூட்டாளுங்களும் நாமளும் எங்கியாச்சும் ஒண்ணாப் போவணும்ப்பா. ஒரே ஒரு தடவ."

சித்தப்பா என்றால் ஜாவீத். ரஷீதின் ஒரே தம்பி. அரூரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் அவர்களுடைய அப்பா சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. சண்டை என்று எதுவுமில்லை. உயிர் போன நேரத்தில் ரஷீத் கட்டிலருகில் இல்லை. அதை ஜாவீத் மனதில் வைத்துக்கொண்டார் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ரஷீதும் அப்படித்தான் புரிந்துகொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் பெண்கள் பேசிவைத்து இரண்டு குடும்பத்தையும் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போனார்கள். அன்றும் ஜாவீத் பாதியில் காரை எடுத்துக்கொண்டு தன் வீட்டாரோடு கிளம்பிப் போய்விட்டார்.

"அவன் கோவக்காரன். எங்க போனாலும் வண்டிச் சாவி அவன் பாக்கெட்டுல இருக்கும்" என்று தர்மனிடம் சொல்லிக்கொண்டே நடந்தவர், ஒருநாள் நடையைச் சட்டென்று நிறுத்தினார். "கப்பல்ல ஏறிட்டா எவனும் கோவிச்சிக்கிட்டு எறங்கிப் போவ முடியாது பாரு."

அன்று தொடங்கியது தேடல். கைக்கு அகப்பட்டவை மூன்று. சென்னையிலிருந்து இலங்கை போய் வருவது ஒன்று, மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவுப் பக்கம் போவது ஒன்று, சிங்கப்பூருக்குப் பறந்துபோய் ஏறவேண்டிய பெரிய கப்பல் ஒன்று. கம்பெனிப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அவருக்கு அவை சென்னைக்காரன், மும்பைக்காரன், சிங்கப்பூர்க்காரன். சீட் அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தில் மூன்று கட்டம் போட்டு, காதிலிருந்து சாக்கட்டியை எடுத்து எடுத்து எழுதினார். அழிந்துபோவதைப் பார்த்த தர்மன் ஒரு பேனாவை நீட்டினார்.

சேலத்தில் டிக்கெட் போடும் அலுவலகத்தில் கவிப்பிரியா என்று ஒரு பெண். தினம் பத்தரை மணிக்கு அவளுக்கு ரஷீதிடமிருந்து போன் போகும்.

"ஏம்மா, சென்னைக்காரன் முப்பதாயிரம்னு போட்டிருக்கானே, அதுல துறைமுக வரி சேந்துதா சேராததா?"

"அது தனிங்க சார். சர்வீஸ் சார்ஜும் தனிங்க."

"அப்ப முப்பதுன்னு கூப்புட்டு நாப்பதுல கொண்டாந்து உடறான். சரி. சாப்பாட்டு ஹாலுக்குச் சூதாட்ட ஹால் வழியாத்தான் போவணுமா? வேற வழி இருக்குதா?"

கவிப்பிரியா குறித்துக்கொண்டாள். "இத இதுவரைக்கும் யாரும் கேக்கலைங்க சார். கேட்டுச் சொல்றேன்."

ஹலால் சமையலுக்குத் தனிச் சட்டியா, அதே சட்டியா? பாட்டுச் சத்தம் எத்தனை மணிக்கு நிற்கும்? வயசுப் பெண்கள் நீச்சல் குளத்தருகே முழு உடுப்போடு உட்கார்ந்திருந்தால் யாராவது முறைப்பார்களா? ஒவ்வொன்றுக்கும் அவள் விசாரித்துச் சொன்னாள். இரண்டாவது மாதத்தில் அவரை முந்திக்கொள்ளவும் பழகினாள். "சார், பெட்டு எழுபத்தஞ்சு இஞ்ச் நீளம்ங்க. நீங்க கேப்பீங்கன்னு நானே கேட்டு வெச்சிட்டேன்."

ஒரு கப்பல் குடும்பத்துக்கு ஏற்றதா என்பதை அவர் கண்டுபிடித்த வழியை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. பயணம் போனவர்கள் எடுத்துப்போட்ட வீடியோக்களில் இருக்கைகள் எங்கே தேய்ந்திருக்கின்றன என்று பார்ப்பார். மும்பைக்காரனிடம் பார் ஸ்டூல்கள் பளபளவென்று தேய்ந்திருந்தன. குழந்தைகள் விளையாடும் கூடத்து மெத்தைகள் புதுசாக இருந்தன. "அங்க எவனும் புள்ளைங்களோட உக்காரல" என்று ஒரு கோடு கிழித்தார். சிங்கப்பூர்க்காரனிடம் எல்லாம் இருந்தது. சறுக்கு மரம், ஐஸ் தரை, நாலு விதச் சாப்பாடு. ஆனால் நடைபாதைகளில் ஓர் இருக்கை கூட இல்லை. "ஆளை ஓட்டிக்கிட்டே இருக்கான். நின்னா காசு வராது போல." விமான டிக்கெட்டோடு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எட்டுப் பேருக்குச் செலவு எங்கேயோ போய் நின்றது. சென்னைக்காரன் கப்பல் பழசு. லிஃப்டுக்கு நிற்கவேண்டும், நீச்சல் குளம் தொட்டி மாதிரி. ஆனால் மேல்தளத்தில் வரிசையாய்ப் போட்டிருந்த நீள பெஞ்சுகள் நடுவில் குழிந்திருந்தன. நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி. அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குள் நின்ற வேன்களை வெளியே தள்ளிவிட்டு, நீலச் சாக்கட்டியால் தரையில் அறை வரைந்தார். பத்தடிக்குப் பதினாறடி. கட்டில் இங்கே, மேல்கட்டில் இங்கே, குளியலறை இங்கே. மனைவி நசீம் பானுவையும் ஹுமேராவையும் கல்லூரியில் படிக்கும் மகன் சோஹைலையும் உள்ளே நிறுத்தி, தானும் நின்றார். "நாலு நாளு. இதான் நம்ம வூடு. எப்படி இருக்குது?"

"பாத்ரூம் கதவத் தொறந்தா உங்க கால்ல இடிக்கும்பா" என்றான் சோஹைல்.

ஹுமேரா சிரித்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. "வெளிய இருந்து பாத்தா எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்" என்று ரஷீத் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டார். நசீம் பானு கட்டிலாக வரைந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல எறங்கினது யாருன்னு எல்லாரும் பாத்துக்கங்க" என்றார். பிறகு சிரிக்காமல் கேட்டார். "நாலு மாசமா கப்பல் பாத்தாச்சி. உங்க தம்பிகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதுதான் விஷயம். மூன்று கப்பலின் தலையணை உயரம் வரை அவருக்குத் தெரியும். தம்பி வருவானா என்பது தெரியாது.

அடுத்த வாரத்தில் மூன்று முறை அரூர் பஸ் ஏறினார். மூன்று முறையும் பாதி வழியில் மொரப்பூரில் இறங்கி, நின்றபடி ஒரு டீ குடித்து, எதிரே வந்த பஸ்ஸில் தருமபுரிக்குத் திரும்பினார். நான்காம் முறை ஹுமேரா கூடவே ஏறி, ஜன்னல் ஓரத்தில் அப்பாவை உட்கார வைத்து, தான் வெளிப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அரூரில் இறங்கியதும், "நான் உஸ்மா சித்தி வூட்டுக்குப் போறேன். நீங்க கடைக்குப் போங்க" என்று ஆட்டோ ஏறிவிட்டாள்.

கடையில் ஜாவீத் ஒரு கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்று, மறுபடி துடைத்தது.

"வா, பாய்ஜான்."

ரஷீத் நலம் கூட விசாரிக்கவில்லை. பழுப்புக் காகிதத்தைக் கண்ணாடி மேசை மீது விரித்து, நின்றுகொண்டே மூன்று கப்பலையும் சொல்லத் தொடங்கினார். விலை, வரி, சாப்பாடு, சறுக்கு மரம், பெஞ்சுகளில் விழுந்த குழி. ஜாவீத் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "எதுக்கு கப்பல்? ஏற்காடு இருக்குது. உன் வூட்டுக்குப் பக்கத்துலயே வத்தல்மலை இருக்குது" என்றார்.

"மலைன்னா நீ பாதியில எறங்கிப் போய்டுவ. கப்பல்ல அது நடக்காது." வாய் முந்திக்கொண்டது.

ஜாவீத் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்தார். "நானா? ஒகேனக்கல்ல நான் எத்தினி மணிக்குக் கெளம்புனேன், சொல்லு."

"மீனு வர்றதுக்குள்ள."

"மீனு ரெண்டு மணிக்கே வந்துடுச்சி. நான் கெளம்புனது மூணேகாலுக்கு. பரிசலுக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு வர்றேன்னு ஒன்றரைக்குப் போனவன் நீ. ஆறிப்போன மீன வெச்சிக்கிட்டு எட்டுப் பேர்ல ஏழு பேரு உக்காந்திருந்தோம்."

ரஷீதுக்கு இப்போது நினைவு வந்தது. நான்கு பரிசல்காரர்களிடம் விலை கேட்டார். பிறகு வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு வேனின் கிழிந்த சீட்டைப் பார்த்தார். அந்த டிரைவரோடு பேசினார். நேரம் போனதை அவர் அறியவில்லை.

"ஆஸ்பத்திரியிலயும் அதேதான்" என்றார் ஜாவீத். குரல் உயரவில்லை. "அப்பா, ரஷீத் எங்கன்னு கேட்டாரு. டீ குடிக்கப் போயிருக்கான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சி திரும்பக் கேட்டாரு. மூணு தடவ கேட்டாரு, பாய்ஜான். மூணு தடவையும் டீன்னுதான் சொன்னேன்."

இது ரஷீதுக்குத் தெரியாது. அப்பா மயக்கத்திலேயே போய்விட்டார் என்று ஆறு வருடமாக நினைத்திருந்தார். மேசை மேலிருந்த காகிதத்தை மடிக்கப் பார்த்தார். மடிப்பு ஒழுங்காக வரவில்லை. விரித்து மறுபடி மடித்தார்.

"அந்த ரூமுல என்னால மூச்சு உட முடியல ஜாவீத். அந்த மிஷின் சத்தம்... அவரு நெஞ்சு ஏறி எறங்கறது... கீழ போய் நின்னா, மேல அவரு நல்லாருப்பாருன்னு தோணும். அதான்."

"இதச் சொல்ல ஆறு வருசமா?"

"எங்க உக்காந்து சொல்றது?"

ஜாவீத் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டினார். பிறகு சுவரோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினார். "இதுல உக்காரு. ஒன்றரைக்கு உஸ்மா சோறு அனுப்புவா. அது வர்ற வரைக்கும் எழுந்திரிக்காத. அப்புறம் பாக்கலாம், நீ நாலு நாளு கடல்ல இருப்பியா இல்லியான்னு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

சித்தேரியிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வந்தார்கள். புருசனுக்கு எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். ஜாவீத் அவரை நாற்காலியில் அமர்த்தி, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாய்ப் போட்டுக் கேட்டார். "இப்ப தெரியுதுங்களா? இது? இப்ப நல்லாத் தெரியுதா, முன்ன தெரிஞ்சிதா?"

ரஷீத் உட்கார்ந்திருந்தார். முதல் கால் மணி நேரம் பெஞ்சின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்தார். பதினொன்றரைக்கு இரண்டு முழங்காலையும் கைகளால் அழுத்திக்கொண்டார். தெருவில் ஒரு பஸ் நின்றது. "தருமபுரி, தருமபுரி, மொரப்பூர் தருமபுரி" என்று கண்டக்டர் கூவினார். ரஷீதின் குதிகால்கள் தாமாக உயர்ந்தன. இடுப்பு பெஞ்சிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. ஜாவீத் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"அந்தச் சென்னைக் கப்பலு, எத்தினி மணிக்கு ஏறணும்?"

"ரெண்டு மணிக்கு கேட்டைத் தொறப்பான்."

"உஸ்மாவுக்குத் தண்ணி மேல போனா தல சுத்தும். மாத்திர வாங்கி வெச்சிக்கணும்."

ரஷீத் தலையாட்டினார். பஸ் இன்னும் உறுமிக்கொண்டு நின்றது. அவர் மெல்லக் குனிந்து செருப்புகளைக் கழற்றினார். ஒன்றன்பின் ஒன்றாகக் குதிகாலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். அது போதாதென்று இன்னும் உள்ளே, சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், கால் நீட்டினாலும் எட்டாத இடத்துக்கு அவற்றை உதைத்து அனுப்பினார்.