காபிக் கொட்டையில் குத்திய மீன் ஊசி

பிரின்சி, ஜோவான், இந்த ஊரில் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஸ்ஸ் என்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும், அதுதான் ஆமாம். நம் ஊர்ப் பக்கம் கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டால்தான் அந்தச் சத்தம் வரும். நார்வேக்கு வந்த முதல் வாரம், மீன் கம்பெனியில் எனக்கு வேலை காட்டிக்கொடுத்த இங்ரிட் அம்மாவிடம், "குளிர் அறைக் கதவைச் சாத்தியாச்சா?" என்று கேட்டேன். அவர் ஸ்ஸ் என்றார். கதவில் கை நசுங்கிவிட்டது என்று நினைத்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய பிறகு சிரிப்பை நிறுத்தவே இல்லை. அந்த வருடம் முழுக்க யார் புதிதாக வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்துவைத்தார்.

இந்த ஏப்ரலில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் கேக் கொண்டுவருவார், இருக்கிறவர்கள் காபி போட்டுக் கொடுப்பார்கள். காபி என் பொறுப்பு என்று கையைத் தூக்கிவிட்டேன். அவர் மட்டும் இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே பெட்டி கட்டி ஊருக்கு வந்திருப்பேன் மக்களே. கடையில் வாங்கிய தூளைப் போட்டு அவரை அனுப்ப எனக்கு மனம் இல்லை. கடைசி லீவில் கொண்டுவந்த சிறுமலைக் காபிக் கொட்டை கொஞ்சம் இருந்தது. வறுக்காத கொட்டை வேண்டும் என்று காபித்தூள் கடை அண்ணாச்சியிடம் கேட்டபோது, "பச்சையாவா? மாட்டுக்கா வைக்கப் போறீய?" என்று அவர் சிரித்தது பிரின்சிக்கு ஞாபகம் இருக்கும். வறுப்பதற்கு, பழைய சாமான் கடையில், கொட்டையைச் சுழற்றி வறுக்கிற ஒரு சின்ன உருளை அடுப்பு வாங்கினேன். அதன் முன் தகட்டில் வெப்பமானியைச் செருக ஒரு துளை.

வெப்பமானி என்னிடமே இருந்தது. தூத்துக்குடியில் இறால் கம்பெனியில் வேலை பார்த்தபோது வைத்திருந்த ஊசி. சுண்டுவிரல் பாதித் தடிமன், துருப்பிடிக்காத எஃகு. உறைந்த இறால் கட்டியில் துளை போட்டு, நடு மையத்தில் ஊசியை இறக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் எங்கள் சூப்பர்வைசர் பின்னாலிருந்து கத்துவார்: "ஏலே, ஓடுத நம்பரை எழுதாதலே! நிக்கட்டும்!" பத்து வருடம் அந்தப் பேச்சைக் கேட்டவன் நான். நின்ற எண்ணைத்தான் நம்புவேன்.

முதல் தடவை, கொட்டை வீணாகக் கூடாதே என்று ஒரு கைப்பிடி மட்டும் போட்டேன். உருளையின் அடியில் கொட்டை, மேலே காற்றில் ஊசிமுனை. காற்றின் சூட்டைத்தான் அது சொன்னது. நான் கொட்டையின் சூடு என்று நினைத்தேன். இருநூறு டிகிரி வந்துவிட்டதென்று இறக்கினால் உள்ளே பச்சை. அரைக்கவே முடியவில்லை. புல் வாசம் அடித்தது. இரண்டாவது தடவை நிறையப் போட்டு, முனை கொட்டைக்குள் புதைந்து தகட்டிலும் படாமல் இருக்கும்படி வைத்தேன். இனி தப்பு வராது என்ற நினைப்பு. கொட்டைகள் சோளம்போலப் பொரிந்தன. அது கிட்டத்தட்ட இருநூறில் கேட்க வேண்டிய சத்தம். ஊசி நூற்று எழுபது என்றது. நான் ஊசியை நம்பினேன். அந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா வீடியோ காலில் வந்தாள்.

"என்னத்த கருக்குதீய? புகை போன் வழியா இங்கன வருது!"

"காபிக் கொட்டைதான், ஏளா. இன்னும் சூடு ஏறல, ஊசி நூத்தி எழுவத்தஞ்சுதான் காட்டுது."

"ஊசியவா குடிக்கப் போறீய? கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?"

அடுப்பை அணைத்தேன். அணைத்த பிறகும் எண் ஏறிக்கொண்டே போனது. கூரையில் புகை மணி அலறியது. கொட்டை கரி. மிச்சம் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது, விருந்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ஊசி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பெனியில் தினமும் காலையில் செய்வதுபோல நொறுக்கிய ஐஸில் இறக்கினேன். சரியாகப் பூஜ்யம். பிறகு கொதிக்கிற தண்ணீரில் வைத்து, கடலுக்குப் போகிற நம் ஆட்கள் நேரம் பார்ப்பதுபோல ஓர் அருள்நிறைந்த மரியே சொன்னேன். செபம் முடிந்த பிறகுதான் எண் நூறைத் தொட்டது. அப்போது புரிந்தது. ஊசி பொய் சொல்லவில்லை, பிந்திச் சொல்லுகிறது. உறைந்த இறால் எங்கே ஓடப்போகிறது? அதற்கு அந்தத் தடித்த ஊசி போதும். கொட்டையின் சூடோ ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு சூடேறி எண்ணைக் காட்டுவதற்குள் கொட்டை அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. நானும் அந்த ஊசி மாதிரிதான் மக்களே. லீவில் ஜோவானுக்கு நான் வாங்கிவரும் கால்சட்டை எப்போதும் கணுக்காலுக்கு மேலே நிற்கிறதே, அது அளவு தெரியாததால் அல்ல, போன லீவில் பார்த்த அளவுக்கு வாங்குவதால்.

நூல்போல மெல்லிய சென்சார் கம்பி ஒன்று வாங்கினேன். கொதிநீரில் வைத்தால் செபத்தில் 'மரியே' வருவதற்குள் நூறைக் காட்டியது. மிச்சக் கொட்டை முழுவதையும் போட்டு, முனையை நடுவில் புதைத்து, ஓடுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு. பொரிகிற சத்தமும் அதே நொடியில் கேட்டது. சூப்பர்வைசர் என்னை மன்னிக்கட்டும், ஓடுகிற நம்பரை நம்பித்தான் இறக்கினேன். பனங்கருப்பட்டி நிறம்.

விருந்தில் இங்ரிட் அம்மா பால், சீனி எதுவும் இல்லாமல் ஒரு மிடறு குடித்தார். "நன்றாக இருக்கிறதா?" என்றேன். ஸ்ஸ் என்று மூச்சை இழுத்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, தன் கையை என் முன்னால் நீட்டி, "பார், நசுங்கவில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எல்லோரும் போன பிறகு, பழைய ஊசியில் கயிறு கட்டிக்கொண்டு தனியாகப் படகுத்துறைக்குப் போனேன். கடலுக்குள் இறக்கி அருள்நிறைந்த மரியே முழுவதும் சொன்னேன். கடலுக்கு அவசரம் இல்லை. எண் ஐந்தில் வந்து நின்றது. நம் திரேஸ்புரத்துக் கடலில் பிறந்ததிலிருந்து குளித்திருக்கிறேன், அதன் எண் என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. ஊசியை எடுத்து, உப்புப் போகத் துடைத்து, ஊருக்குக் கொண்டுவரும் பெட்டியில் ஜோவானின் புதுக் கால்சட்டைக்குள் சுருட்டி வைத்தேன்.