டியூப் லைட்டில் தெரியாத மஞ்சள்

மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் என் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அம்மா பயந்துவிட்டார். நான் பயப்படவில்லை. ரிஃபாம்பிசின் (காசநோய்க்குத் தரும் முக்கிய மருந்து, அதன் நிறமே செங்காவிதான்) உடம்பை விட்டுப் போகும் வழியெல்லாம் சாயம் ஏற்றிவிட்டுத்தான் போகும், வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம் என்று விளக்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதுவும் உயிர்வேதியியல் முதுகலை. சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன்.

கழுத்தில் வலியில்லாத ஒரு நெறி கட்டி, ஊசி போட்டு எடுத்துப் பார்த்தபோது நிணநீர்க் கணுக் காசநோய் (நுரையீரலில் அல்லாமல் கழுத்துக் கணுக்களில் வருவது) என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்த செவிலியர், "வாந்தி வந்தாலோ, பசி விட்டுப்போனாலோ, கண்ணு மஞ்சளானாலோ அன்னைக்கே வந்துடணும்மா" என்றார். "தெரியும் சிஸ்டர்" என்றேன். தெரியவும் செய்தது.

ஐந்தாவது வாரம் சோறு இறங்கவில்லை. காலையில் மாத்திரையை விழுங்கியதும் குமட்டியது. வெறும் வயிற்றில் போட்டால் அப்படித்தான் என்று முடிவு செய்தேன். சிறுநீரின் நிறம் அடர்ந்தது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறேன் என்றேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

என் அக்கா எஸ்தர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வெட்டி வரும் தோல் துண்டுகளில் வலது காலுக்கும் இடது காலுக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஜோடி சேர்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாடி கண்ணு ஒரு மாதிரி இருக்குது?"

"மாத்திரை கலர்க்கா. உனக்குச் சொன்னா புரியாது."

"புரியாதுதான். வெளிய வா."

"இன்னாத்துக்கு?"

"டியூப் லைட்ல கலர் பாத்தா எங்க சூப்பர்வைசர் கைய ஒடிச்சிடுவாரு. வாடின்னா."

தெருவில் வெயிலுக்கு நேராக என்னை நிறுத்தி, தன் வெள்ளைக் கைக்குட்டையை என் கன்னத்தின் மேல் பிடித்தாள். மேலே பார்க்கச் சொன்னாள். அம்மாவைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தி, அவர் கண்ணை ஒரு தடவை, என் கண்ணை ஒரு தடவை பார்த்தாள்.

"ஜோடி சேரல. ரிஜெக்ட்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மூணு நாளா பாத்துக்கினுதான் இருக்கேன். நீ படிச்சவ, உனக்குத் தெரியாமலா இருக்கும்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

நோயைவிட இந்த வாக்கியம்தான் என்னை உட்கார வைத்தது. என் படிப்பு எங்கள் வீட்டில் கண் இருந்தவர்களின் வாயை அடைத்திருந்தது.

அன்றே வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மாவும் முதலில் செய்தது என்னை ஜன்னல் பக்கம் திருப்பியதுதான். "இந்த மருந்து கண்ணீருக்குக் கலர் குடுக்கும். கண்ணோட வெள்ளையை மஞ்சளாக்காது. இது மஞ்சள் காமாலை. யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான் மேடம். எட்டாங்கிளாஸ்" என்றாள் அக்கா.

ரத்த அறிக்கை வந்தது. எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கசியும் நொதி) நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, அறுநூற்றைத் தாண்டியிருந்தது. பிலிருபின் (பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி) ஐந்தைத் தொட்டிருந்தது. மருந்தின் நச்சால் வந்த கல்லீரல் அழற்சி. நான் போட்டுவந்த நான்கில், கல்லீரலைத் தாக்கக்கூடிய மூன்று மருந்துகளையும் உடனே நிறுத்தினார்கள்.

"இன்னும் ஒரு வாரம் போட்டிருந்தா, டாக்டர்?"

"போடலையே" என்றார்.

அம்மா கீழாநெல்லி தரலாமா என்று கேட்டார். "இப்ப எதுவும் வேணாம்மா. ஈரலுக்கு லீவு குடுத்திருக்கோம். லீவுல போய் வேலை சொல்லாதீங்க."

நான்காம் நாள் எஸ்.ஜி.பி.டி. பாதியாகக் குறைந்திருந்தது. பிலிருபின் இன்னும் ஏறியிருந்தது. மற்றவர்கள் நிம்மதியடைந்தார்கள், நான் நடுங்கினேன். நொதி இறங்க, பிலிருபின் ஏறினால், கசிவதற்குக்கூட செல்கள் மிச்சமில்லை என்று பொருள் கொள்ளலாம் எனப் படித்திருந்தேன். அழுதுகொண்டே டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் நன்றி.

"நீ படிச்சது சரி. ஆனா ரெண்டு எண்ணை மட்டும் படிச்சிருக்க. ரத்தம் உறையுற நேரத்தைப் பாரு" (கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று காட்டும் சோதனை). "நார்மல். பிலிருபின் மெதுவாத்தான் இறங்கும். காலைல என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு இட்லி."

"நேத்து?"

"அரை."

"அதையும் ரிப்போர்ட்ல சேர்த்துக்கோ."

எண்கள் இறங்கியதும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார்கள். நடுவே ரத்தப் பரிசோதனை. ஒரு மருந்தை மட்டும் விட்டுவிட்டார்கள். எது குற்றவாளி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஐசோநையசிட் (நிறுத்திய மூன்றில் ஒன்று) என்ற மருந்தைச் சிலர் உடம்பு வேகமாகக் கழிக்கும், சிலர் உடம்பு மெதுவாகக் கழிக்கும், அது பிறப்பிலேயே வருவது, இன்னும் ஆராய்கிறார்கள் என்றார். ஆராய்ச்சிக்கு ஒரு குழாய் ரத்தம் கூடுதலாகக் கேட்டபோது கையெழுத்துப் போட்டுக் கையை நீட்டினேன்.

ஆறு மாதச் சிகிச்சை ஒன்பது மாதமானது. இதே மாத்திரைகளைத் தொடங்கியிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை. ஆனால் குமட்டலுக்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள். போய்க் காட்டுங்கள்.

கடைசி மாத்திரை முடிந்த மறுநாள் காலை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முன்பு கல்லீரல் எனக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு படம். இப்போது வலது விலாவுக்குக் கீழே, எதுவும் சொல்லாமல் என்னைப் பொறுத்துக்கொண்ட ஓர் ஆள். அறிக்கையில் இருப்பது ரத்தம் எடுத்த அந்த நிமிடத்து உடம்பு என்பதும் புரிந்தது. நாம் தாளைப் பிரிக்கும்போது உடம்பு வேறெங்கோ போயிருக்கும்.

படிப்பு முடிந்து இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. போன வாரம் ஒருவருடைய எஸ்.ஜி.பி.டி. எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. டாக்டருக்குச் சொல்லிவிட்டு, அந்த நோயாளியையும் போனில் அழைத்தேன்.

"இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும் சார். எப்படி இருக்கீங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வயித்துல லேசா கேஸு. அவ்ளோதான்."

"சரிங்க சார். பக்கத்துல யாரு இருக்காங்க?"

"சம்சாரம் இருக்குது. ஏன்?"

"போனை அவங்ககிட்ட குடுங்க சார்."