பச்சைப் பொத்தானைத் தொடாதவர்

"அதான் வேண்டாம்னு சொல்லிட்டேன்ல? மறுபடியும் மறுபடியும் கேட்டா என்ன அர்த்தம்?" என்று ஏ.டி.எம். இயந்திரத்தை அதட்டிக்கொண்டு நிற்கிறார் நோ சார். ஊர் புதிது, மொழி தெரியாது, பின்னால் வரிசை நீள்கிறது. ஆனாலும் திரை கேட்கும் அந்த ஒரு கேள்வி மட்டும் உலகத்தின் எந்த மூலையிலும் அவருக்கு விளங்கிவிடும். 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்குப் போட்டுவிடட்டுமா?' என்று அது குழைந்து கேட்கும். சரி என்பதற்கு உள்ளங்கை அகலப் பச்சைப் பொத்தான். வேண்டாம் என்பதற்கு ஒரு மூலையில் எறும்பு ஊர்வது போல் நாலு எழுத்து. நோ சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த எறும்பைத் தேடிப்பிடித்து நசுக்குவார்.

"சரின்னு சொன்னோமோ, தொலைஞ்சோம். அவன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு உரிச்சிடுவான். அந்த ஊர்க் காசுல கணக்குப் போடச் சொல்லணும். மிச்சத்தை நம்ம பேங்க் பாத்துக்கும்." இதைக் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தெரியாத்தனமாக "அடுத்த மாசம் வெளிநாடு போறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், மனுஷர் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்ட மாதிரிதான்.

தொழிலில் அவர் லிஃப்ட் பரிசோதகர். உயரமான கட்டடங்களின் உச்சியில், யாரும் எட்டிப் பார்க்காத இயந்திர அறையில், கயிற்றைத் தடவி, பிரேக்கைத் தட்டி, எண்ணெய்க் கறையோடு இறங்கி வருவார். "போன மாசம்தான் சார் செக் பண்ணினாங்க" என்று கட்டட மேலாளர் எவ்வளவு பல்லைக் காட்டினாலும் சரி, லிஃப்டுக்குள் தானே ஏறி நின்று, கீழிருந்து மேல்வரை போய் வந்தால்தான் கையெழுத்து. "கயிறு நல்லா இருக்குன்னு கயிறே சொன்னாக்கூட நம்ப மாட்டேன். நான் பாக்கணும்." நோ சார் என்ற பெயரை வைத்தவர்கள் அலுவலகத்துக்காரர்கள். அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது என்று கேள்வி.

வருஷத்துக்கு ஒரு தடவை மனைவியோடு எங்காவது ஒரு வெளிநாடு. அந்த அம்மா பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர்களின் முட்டியையும் தோள்பட்டையையும் மடக்கி நீட்டிக்கொண்டிருப்பவர். எங்கே போவது, எதைப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பணம் மட்டும் நோ சார் இலாகா. கிளம்புவதற்கு முன்பே பேங்க்குக்குப் போன் போட்டு, "இன்ன ஊருக்குப் போறேன், கார்டை பிளாக் பண்ணித் தொலைச்சிடாதீங்க" என்று சொல்லிவிடுவார். விமான நிலையத்தில் பணம் மாற்றும் கூண்டைக் கடக்கும்போது தலையைக்கூடத் திருப்ப மாட்டார். ஒவ்வொரு தடவைக்கும் தனிக்கட்டணம் என்பதால் சில்லறை சில்லறையாக எடுக்காமல் ஒரேயடியாக எடுத்துவிடுவார். அதுவும் உண்மையான பேங்க் வாசலில், பேங்க் திறந்திருக்கும் நேரத்தில். "மெஷின் கார்டை முழுங்கிடுச்சுன்னா உள்ளே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்ல?" கிரெடிட் கார்டில் பணம் எடுப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "எடுத்த நிமிஷமே வட்டிங்க, எடுத்த நிமிஷமே!" என்று துக்கம் விசாரிக்கிற குரலுக்கு இறங்கிவிடுவார்.

மைத்துனர் ஒருவர் எந்த நாட்டில் இறங்கினாலும் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு போன் செய்வார். "மாமா, ஏதோ கேக்குது. எதை அமுக்க?" நோ சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். "பச்சையைத் தொடாதே! கையை எடு! கீழே பாரு, சின்னதா எழுதியிருக்கும்!" பச்சிளம் குழந்தையைக் குளிப்பாட்டும் பதற்றம் அந்தக் குரலில் இருக்கும்.

இவ்வளவு விவரமான மனுஷரிடம் ஒரு கோணல் உண்டு. ரகசிய எண். கார்டுகள் இரண்டு, எண் ஒன்று. ஒரு கார்டு அவர் சட்டைப்பையில். இன்னொன்று ஆபத்துக்கு உதவும் என்று அந்த அம்மாவின் கைப்பை உள்துணியில். அந்த அம்மாவின் சொந்தக் கார்டை, அதில் வெளிநாட்டுக் கட்டணம் அதிகம் என்று சொல்லி வீட்டுப் பீரோவிலேயே வைத்துப் பூட்டிவிட்டார். ஆபத்துக்கான கார்டு கைப்பையில் இருக்கிறதே தவிர, எண்ணை மட்டும் சொன்னதில்லை. இயந்திரத்தின் முன் நின்றதும் வயிற்றை அதோடு ஒட்டிக்கொண்டு, முதுகைக் கதவாக்கி அடைத்துவிட்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா" என்பார்.

"நான் என்ன திருடியா?"

"அதுக்கில்லம்மா. நம்பர் ஒருத்தர்கிட்டதான் இருக்கணும். பேங்க்காரனே அப்படித்தான் எழுதியிருக்கான். பழக்கம் கெட்டுடக் கூடாது பாரு."

அந்த அம்மா திரும்பி நின்று தெருவைப் பார்ப்பார். எத்தனை ஊர்த் தெருக்களை அப்படிப் பார்த்திருப்பாரோ.

போன பயணத்தில்தான் அது நடந்தது. நாளெல்லாம் நடந்து கால் ஓய்ந்து இருவரும் ஒரு சின்ன டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சில்லறையும் டீக்குப் போய்விட்டது. அந்த ஊர் டாக்ஸிக்காரர்கள் கையில் காசு வைத்தால்தான் கதவைத் திறப்பார்கள். கடையின் வெளிச்சுவரிலேயே ஓர் ஏ.டி.எம். மினுக்கிக்கொண்டிருந்தது. நோ சார் அதைச் சுற்றி வந்து முகர்ந்து பார்க்காத குறை.

"இது பேங்க் மெஷின் இல்ல. எவனோ தனியா வச்சிருக்கான். ரெண்டு பக்கமும் வெட்டுவான்."

"மழை வர்ற மாதிரி இருக்குங்க. எனக்குக் காலும் முடியல. கொஞ்சம் போனா போகட்டுமே."

"கொஞ்சம் கொஞ்சம்னுதான் எல்லாம் போகுது. நீ இங்கேயே இரு. இதோ வந்துட்டேன்."

முதல் பேங்க் பூட்டியிருந்தது. அடுத்ததன் வாசலில் இயந்திரம் வேலை செய்யவில்லை. பாலத்தைத் தாண்டி மூன்றாவது பேங்க் திறந்திருக்க, எறும்பைத் தேடி நசுக்கி, ஒரு பைசா அதிகம் கொடுக்காமல் பணத்தை எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் வெற்றிவீரராகத் திரும்பினார். டீக்கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே மேசைமேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வாசலில் யாருமில்லை.

போன் செய்யவும் வழியில்லை. ஒரு சிம் போதும் என்று தனக்கு மட்டும் வாங்கியவர் அவர்தான். அந்த அம்மாவின் போன் தங்கும் விடுதிக்குள் போனால்தான் உயிர் பெறும். அந்த அம்மா கையில் காசில்லை. மொழி தெரியாது. கைப்பையில் கார்டு இருக்கிறது, எண் இல்லை. ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்து, தப்பாகி, இயந்திரம் கார்டை விழுங்கியிருந்தால்? இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் கடை கடையாக ஏறி, கையை மார்பு உயரத்துக்குக் காட்டி, "இவ்வளவு உயரம்... நீலக் குடை..." என்று தமிழிலேயே கேட்டார். எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்ஸிக்குள் பாய்ந்து விடுதி அட்டையை நீட்டினார். எவ்வளவு என்று கேட்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவை.

அறைக்கதவைத் திறந்தால், அந்த அம்மா தலையணை மேல் காலை நீட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா? தலையைத் துவட்டுங்க முதல்ல."

நோ சார் சொட்டச் சொட்ட நின்றார். "எப்படி வந்தே?"

"டாக்ஸியில."

"காசு?"

மேசைமேல் ஒரு ரசீது கிடந்தது. டீக்கடைச் சுவர் இயந்திரத்தின் ரசீது. அந்த நிலையிலும் அவர் கண் நேராகக் கட்டண வரிக்குத்தான் போனது. இயந்திரக்காரன் கூலி தனி, அவன் போட்ட ரேட் தனி. இரண்டு பக்கமும் வெட்டியிருந்தான்.

"பச்சையை அமுக்கிட்டியா?"

"வேணும்னேதான் அமுக்கினேன். சின்ன எழுத்து எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கே பாடம் எடுக்கிறவரோட குடித்தனம் பண்றேன்."

"சரி... நம்பர்?"

அந்த அம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "நாள் பூரா தோள்பட்டை பாக்கிறவகிட்டப் போய் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்களே. முதல் நம்பருக்கு உங்க வலது தோள் மேலே ஏறும். அடுத்த ரெண்டும் ஒரே இடம், கை அசையாது. கடைசிக்கு முழங்கை வெளியே போகும். ஒரு ஊர்ல தெரியலன்னா அடுத்த ஊர்ல தெரிஞ்சிடாதா? எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தே?"

"நீங்களா ஒரு நாள் சொல்வீங்கன்னு இருந்தேன்." தலையணையிலிருந்து காலை இறக்கினார். "இன்னிக்குக் கடைக்காரன் ஷட்டரை இறக்கினப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. பயத்துல இல்லைங்க. நம்ம பணத்தை நானே திருட்டுத்தனமா எடுக்கற மாதிரி இருந்துச்சு. அந்தக் கோவத்துலதான் பச்சையை அமுக்கினேன். போங்க, தலையைத் துவட்டுங்க, சளி பிடிச்சுக்கும்."

நோ சார் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். ஒரு தலையைத் துவட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

மறுநாள் காலை. வெயில் பளிச்சென்று அடித்தது. பேங்க் வாசல், திறந்த பேங்க்தான். கடைத்தெருவில் செலவழிக்கக் கொஞ்சம் பணம் வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார், முந்தின நாள் எடுத்ததில் டாக்ஸிக்குப் போக மிச்சம் சட்டைப்பையில் இருந்தும். இயந்திரத்தின் அருகே வந்ததும் அந்த அம்மா பழக்க தோஷத்தில் தெருப்பக்கம் திரும்பி நின்றார்.

"இங்க வாம்மா," என்றார் நோ சார். தன் கார்டை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு இயந்திரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வேறு யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி கைகளை விரித்து நின்றார்.

பின்னால் பொத்தான்கள் அமுங்கும் சத்தம் நாலு தடவை கேட்டது. அப்புறம் அமைதி.

"ஏங்க, கேக்குது. பச்சையா, சின்ன எழுத்தா?"

நோ சார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நழுவிய கைப்பையைத் தோள்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, தெருவையே பார்த்தபடி நின்றார்.