வெட்டாமல் விட்ட ஏழு நிமிஷம்

எங்கள் காலேஜில் எல்லா கிளாஸிலும் பாடத்தைப் பதிவு செய்ய ஒரு கேமரா உண்டு. பாடம் நடத்துகிறவர் மேஜைக் கம்ப்யூட்டரில் தன் பெயரில் லாகின் செய்ய வேண்டும், முடிந்ததும் லாக்அவுட் செய்ய வேண்டும். இந்த இரண்டாவதை மட்டும் ஒருத்தரும் செய்யமாட்டார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள்தான். காமர்ஸ் சார் காபிக்கு ஓடிவிடுவார். அடுத்த பீரியட் பிசிக்ஸ் பாடம் அவர் பெயரில் போய் விழும். 'ஸ்வல்ப நோடி', கொஞ்சம் பாருங்க, என்று கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பார்கள். மர்பி டவுனிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து, அதையெல்லாம் கேட்டுக் கேட்டு உரியவர் பெயருக்கு மாற்றுவதுதான் என் வேலை. மாற்றுவதற்கு முன், பாடம் முடிந்த பிறகு சும்மா ஓடியிருக்கும் வாலை வெட்டிவிடுவது வழக்கம்.

அந்த பிசிக்ஸ் பாடம் எடுக்கும் மேடம் மல்லேஸ்வரத்துக்காரர். ஸ்டாஃப் ரூமில் கன்னடம், கிளாஸில் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் தமிழ். கடைசி பீரியட் முடிந்து புரொஜெக்டரை அணைக்கப் போவேன். கையிலிருக்கும் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே பத்து நிமிஷம் பேசுவார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நான் காலையில் தலை சீவினேன். இதில் என்ன வெட்கம், சொல்லிவிட்டேன்.

ஒரு நாள், கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். "போகட்டுமா, இங்கயே இருக்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

"உங்க இஷ்டம் மேடம்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு போனார். செருப்புச் சத்தம் படியிறங்கிய பிறகு, காலி பெஞ்சுகளைப் பார்த்து, "போகாதீங்க" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்தப் பதிவு காமர்ஸ் சார் பெயரில் கிடந்தது. கடைசி ஏழு நிமிஷம் முதலில் நாங்கள் இரண்டு பேர், பிறகு நான் மட்டும். வெட்ட மனசில்லை, வெட்டாமல் மேடம் பெயருக்குக் கொடுக்கத் தைரியமுமில்லை. திருட்டு வேலைதான், என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். மேடம் கோயம்புத்தூர் போய்விட்டார்.

இரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டேன். இந்தத் தடவையாவது இந்த மடையன் வேறு பதில் சொல்லமாட்டானா என்று இருக்கும். எங்கே சொன்னான்!

போன மாதம், வேலையை விட்டுப் போனவர்களின் அக்கவுண்டை மூடப்போகிறோம், அதற்குள் அவரவர் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் அறிவித்தார்கள். மேடம் போன் செய்தார். எல்லாம் இருக்கிறது, ஒரே ஒரு கிளாஸ் மட்டும் காணோம், யார் பெயரில் விழுந்திருக்கிறது என்று பார்க்க முடியுமா என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது?

வெட்டினால் அந்தக் குரல் ஒரேயடியாகப் போய்விடும். வெட்டாவிட்டால் என் மானம் போகும். மூன்று நாள் இழுத்தடித்தேன். நான்காம் நாள் வெட்டாமல் அவர் பெயருக்கு மாற்றினேன். என் பட்டியலிலிருந்து அந்த வரி மறைந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவரிடமிருந்து போன்.

"இதை நான் இருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

பஸ் இரைச்சலுக்கு மறுகாதைப் பொத்திக்கொண்டு கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றேன்.

"உங்க இஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

சொல்லவில்லை. என் பஸ் வந்து நின்று போனது. அவர் போனை வைக்கவில்லை.