என் கணவரின் கடைவாய்ப்பல்

பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டவர் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், பல்லை மறைக்க முடியாது. என் கணவருக்கு இது புரிந்திருக்கவில்லை.

ஒரு வாரமாக அவர் இடது பக்கமே மென்றுகொண்டிருந்தார். காபியை ஆறவைத்துக் குடித்தார். கேட்டால், "ஒண்ணுமில்ல, ஆபீஸ் டென்ஷன்" என்றார். டென்ஷன் ஒரு பக்கமாகவா வரும்? ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஏதோ காமெடிக்கு வாய்விட்டுச் சிரித்தபோது பார்த்துவிட்டேன். வலது கீழ்க்கடைவாயில் கறுப்பாக இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அந்தக் கறுப்பு நான் வைத்தது. படிக்கிற காலத்தில், தேர்வுக்கு முன் இத்தனை பல் அடைத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆள் கிடைக்காமல் நான் அலைந்தபோது பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து சொத்தைப் பல்லோடு வந்தவர் இவர். வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் சின்ன உரலில் நானே அரைத்து அடைத்தேன். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. தாலி எல்லாப் பெண்களுக்கும் உண்டு, எனக்குக் கூடுதலாக அந்தப் பல்லும் உண்டு என்று கர்வப்பட்டுக்கொள்வேன்.

அதைத் தோண்டி எடுத்தது யார் என்று கேட்கவே தேவையில்லை. என்னோடு படித்தவள்தான். நான் ஹப்சிகுடாவில் மருந்துக்கடை மாடியில் ஒற்றை நாற்காலியோடு உட்கார்ந்திருக்க, அவள் இதே ஊரில் குகட்பள்ளியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் 'பாதரசம் இல்லாத கிளினிக்' என்று பலகை மாட்டினாள். ஐடி கம்பெனி ஒன்று விடாமல் முகாம் போட்டாள். என்னிடம் வழக்கமாக வருகிற செகந்திராபாத் அம்மாள்கூட, "கறுப்பு நக்கோ, வேண்டாம் டாக்டரம்மா, அவங்க போடுறாங்களே, அந்த வெள்ளை போடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளை எனக்கும் வைக்கத் தெரியும்.

நன்றாக இருக்கிற பழைய அடைப்பைத் தோண்டினால்தான் பாதரச ஆவி கிளம்பும். நான் மிச்சம் மீதியைக்கூடத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் மூடி வைக்கிறவள். அவள் நாள் முழுக்கத் தோண்டுவதெல்லாம் எங்கே போகிறது? சாக்கடையில் இறங்கி, நாலாக் கால்வாய் வழியாக ஹுசேன் சாகர் ஏரிக்கு, அங்கிருந்து மீன் வயிற்றுக்கு. என் கல்லூரிக் காலத்துக் கைவேலையும் அந்தச் சேற்றில்தான் கிடக்கும். பாதரசம் இல்லாத கிளினிக்காம்! ஏரியை நினைத்துத்தான் கோபம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதிகூட ஏரிக்காக இல்லை.

"ஆபீஸ்ல கேம்ப் போட்டாங்க. டீம்ல எல்லாரும் மாத்திக்கிட்டாங்க" என்று, நான் கேட்டதும் கணவர் இழுத்தார்.

"பொண்டாட்டி பல் டாக்டர்னு சொல்லலையா?"

"சொன்னேனே. உன்னை ரொம்ப விசாரிச்சாங்க."

விசாரிப்பாள், விசாரிப்பாள்.

அப்போதே அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போய், ஷட்டரைத் தூக்கி, நாற்காலியில் சாய்த்தேன். விளக்கைப் போட்டுக் குறை தேடினேன். ஓரத்தில் இடைவெளி இல்லை. நிறம் அப்படியே பொருந்தியிருந்தது. பல்லின் பள்ளமும் மேடும் பிறவியிலேயே வந்தது போலச் செதுக்கியிருந்தாள். நான் வைத்தது வெறும் கறுப்புத் திட்டு, அதில் இந்த அழகெல்லாம் இருந்ததே இல்லை. பாவி, படிக்கும்போதே அவளுக்குக் கை அப்படி.

கடைசியில், பல் எங்கே அதிகமாக இடிக்கிறது என்று காட்டும் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னேன். ஓர் இடத்தில் மட்டும் புள்ளி அழுத்தமாக விழுந்தது. அடைப்பு அங்கே ஒரு மயிரிழை உயரம், அதனால்தான் வலி. யாருக்கும் நடப்பதுதான், எனக்கும் நடந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் புள்ளியைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. லேசாக ராவிவிட்டேன்.

"இப்ப கடிங்க."

கடித்தார். மறுபடியும் கடித்தார். "அட, வலியே இல்லையே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு நொடி அவர் முழுசாக என்னுடையவர். பிறகு எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து ஏதோ அடிக்க ஆரம்பித்தார்.

"யாருக்கு?" என்றேன்.

"அவங்களுக்குத்தான். வலி எப்படி இருக்குன்னு தினமும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க பாவம். போயிடுச்சுன்னு சொல்லிடறேன்."